ஆளுக்கு இரண்டு கிலோ சாளை

ஒரே சாயங்காலத்தில் அறுநூறு மனிதர்களை உண்டாக்கியவன் நான். (இந்த வரியை உம்மா கேட்டால் உடனே பாவமன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்யச் சொல்வாள். தயவுசெய்து யாரும் அவளிடம் வாசித்துக் காட்ட வேண்டாம்.) அவர்களுக்குப் பெயர் வைத்தேன், தெரு கொடுத்தேன், எவ்வளவு நேரம் யோசிக்க வேண்டும், எதை வாங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் நானே முடிவு செய்தேன். அவர்களை யார் வாசலில் கொண்டுபோய் இறக்குகிறேன் என்பதை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வண்ணார்பேட்டையில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் ஐந்து பேர் வேலை பார்க்கும் சின்ன கம்பெனி. முதலாளி சங்கரன் சார், கல்லிடைக்குறிச்சிக்காரர். சென்னையில் பெரிய வேலையில் இருந்தவர், ஆற்றுத் தண்ணீர் குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்று ஊர் திரும்பி இந்தக் கம்பெனியை ஆரம்பித்தார். எங்களுக்கு அப்போது உருப்படியான வாடிக்கையாளர் ஒருவர்தான், பிலோமி அக்கா.

பிலோமி அக்கா உவரிக்காரர். கரையில் மீன் ஏலம் எடுத்து வண்டியில் கொண்டுவந்து, எங்கள் அலுவலகத்திலிருந்து நாலு கடை தள்ளி விற்றுக்கொண்டிருந்தார். அவருக்காக ஒரு வலைத்தளம் செய்தோம். நாளைக்கு என்ன மீன் வேண்டும் என்று இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள் பதிந்துவிட வேண்டும். அக்கா காலையில் கரையில் அந்த அளவுக்கு மட்டும் ஏலம் எடுத்து வருவார். எட்டு மணிக்குக் கடையில் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஒரு நாற்பது வீடுகளை வைத்து வெள்ளோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் மாடியேறி வந்தவர், சங்கரன் சாரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நாப்பது பேருக்குச் சரி சார். திடீர்னு ஒருநாள் அறுநூறு பேரு வந்தா உங்க மெஷினு தாங்குமா?"

தாங்குமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நிஜ ஆட்களைக் கூட்டி வந்து உட்கார வைக்க முடியாது. அதனால் கணினியே அறுநூறு ஆட்களைப் போல நடித்து, வலைத்தளத்துக்குள் நுழைந்து, மீன் பார்த்து, வாங்கி, வெளியே வரும். எத்தனை பொய் ஆட்கள், எத்தனை நிமிடத்துக்குள் வர வேண்டும், ஒவ்வொரு சொடுக்குக்கும் நடுவில் எத்தனை நொடி யோசிக்க வேண்டும் என்று நாம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. இதெல்லாம் நிஜத் தளத்தில் செய்யக் கூடாது, சோதனைக்கென்று தனியாக இருக்கும் நகல் தளத்தில்தான் செய்ய வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடத்தில் நான் நல்ல மார்க் வாங்கியவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"மெஷின் மாதிரி படபடன்னு வாங்கப்படாதுடா. நம்ம ஊர் ஜனம் மாதிரி நடந்துக்கணும்" என்றார் சங்கரன் சார்.

இந்த ஒரு வாக்கியம் என்னைக் கெடுத்தது. இரண்டு நாள் கையில் நோட்டுடன் பிலோமி அக்கா கடைக்கு எதிரில் நின்று ஆராய்ச்சி செய்தேன். ஒருவர் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார், எத்தனை நொடி. ஒருவர் விலை கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்த் திரும்பி வருகிறார், எத்தனை நொடி. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, என் ஆட்களுக்குக் குறைந்தது எட்டு நொடி, அதிகம் தொண்ணூறு நொடி யோசனை என்று வைத்தேன். திருநெல்வேலி மனித மனத்தையே அளந்துவிட்ட பூரிப்பு எனக்கு.

அடுத்து பெயர். எல்லோரும் போல ஆள் ஒன்று, ஆள் இரண்டு என்று போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் மேலப்பாளையத்துப் பெயர்கள் அப்படிக் குட்டையாக இருக்காது. தாத்தா பெயர், வாப்பா பெயர், வீட்டுப் பெயர் எல்லாம் சேர்ந்து ஒன்றரை வரி நீளும். அவை தளத்தின் கட்டத்துக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டாமா? அந்த நேரம் பார்த்து என் லாத்தாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தது. (லாத்தா என்றால் அக்கா. பெயர் ஜமீலா. என்னை விட மூன்று வயது மூத்தவள், அதட்டுவதில் முப்பது வயது மூத்தவள்.) கல்யாணத்துக்கு அழைக்க வேண்டிய வீடுகளின் பட்டியலை வாப்பா கணினியில் ஏற்றி வைத்திருந்தார். பெயர், தெரு, போன் நம்பர். எங்கள் ஊரில் வீடு வீடாக நடந்து போய்த்தான் அழைப்போம், ஒரு வீடு விட்டுப் போனால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு இருக்காது. அதனால் பட்டியல் தெரு வரிசைப்படி, வீட்டு வரிசைப்படி பிசகாமல் இருக்கும். அதை அப்படியே தூக்கி என் பொய் ஆட்களுக்குப் போட்டேன். அடுத்தவர் விலாசத்தைக் கேட்காமல் எடுப்பது தப்பு என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

எண்ணிப் பார்த்தால் ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது பேர். கணக்கு முழுசாக வர இன்னும் ஒருவர் வேண்டும். கொஞ்ச நேரம் யோசித்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, 'திருமதி பீர்' என்று அடித்தேன். பீர் நான்தான். எனக்கு அப்போது கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை. யாரும் பார்க்கப் போவதில்லை என்ற தைரியம்.

கடைசியாக, என் ஆட்கள் எப்படி வாங்க வேண்டும் என்று ஒரு தடவை நானே வாங்கிக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். நகல் தளத்தில் மீன் படங்கள் ஏற்றவில்லை, வெறும் கட்டம் கட்டமாகக் கிடந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. நிஜத் தளத்தைத் திறந்து, முதலில் கண்ணில் பட்ட, ஆக மலிவான சாளை மீனைத் தொட்டு, இரண்டு கிலோ என்று அமுக்கிப் பதிவு செய்துகொண்டேன். பதிவோடு சேர்ந்து நிஜத் தளத்தின் விலாசமும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு நான் நொடிகளைத் திருத்தினேன், பெயர்களைத் திருத்தினேன், ஆட்கள் இருபது நிமிடத்துக்குள் பையப் பைய வர வேண்டும் என்று திருத்தினேன். விலாசத்தைத் திருத்தவில்லை.

மாலை ஐந்தரைக்கு ஓட்டினேன். அறுநூறு பேரும் அழகாக உள்ளே போனார்கள், யோசித்தார்கள், வாங்கினார்கள், வெளியே வந்தார்கள். ஒருத்தர் கூடத் தடுக்கி விழவில்லை. திரையில் ஓடிய பச்சைக் கோட்டைப் பார்த்துக் கண் கலங்கிப் போய், மற்ற மூன்று பேருக்கும் என் செலவில் டீயும் முட்டைகோஸ் என்கிற டீக்கடை இனிப்புப் பலகாரமும் வாங்கிக் கொடுத்தேன்.

அதே நேரத்தில் உவரியில் பிலோமி அக்காவின் போனில் அறுநூறு வீடுகள் ஆளுக்கு இரண்டு கிலோ சாளை கேட்டு வரிசையில் நின்றன. அக்கா ஒன்றும் ஏமாளி இல்லை. சந்தேகப்பட்டுப் பட்டியலில் முதலாவது இருந்த நம்பருக்குப் போன் போட்டிருக்கிறார். கல்யாணப் பட்டியலில் தெரு வரிசைக்கும் முன்னால் முதல் பெயர் குடும்பத்தில் ஆக மூத்தவருடையது, அதாவது எங்கள் பெரிய மாமா. உங்கள் பெயரில் இரண்டு கிலோ சாளை பதிந்திருக்கிறது, சரிதானா என்று அக்கா கேட்டிருக்கிறார். இங்கே எங்கள் தெருக்களின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஏதாவது வந்தால், எதற்கு என்று கேட்க மாட்டோம், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டோம். வாங்கிக்கொண்டு, பாத்திரத்தை வெறுமனே திருப்பாமல் ஏதாவது போட்டு அனுப்புவோம். இன்னும் இரண்டு வாரத்தில் எங்கள் வீட்டில் கல்யாணம். கேட்காமல் எது வந்தாலும் அது கல்யாண வீட்டு ஏற்பாடாகத்தான் இருக்கும் என்பது பெரிய மாமாவின் கணக்கு. "எங்க பேருக்கு வந்ததுன்னா நாங்க வேண்டாம்னு சொல்லுததில்ல" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். அக்காவுக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் காலை எட்டரைக்கு நான் மாடியேறும்போதே சங்கரன் சார் இறங்கி வந்துகொண்டிருந்தார். பிலோமி அக்கா கூப்பிட்டாராம். இருவரும் நடந்தோம். கடைக்கு முன்னால் ஒரு மினி லாரி நின்றது. அதன் உள்ளே ஐஸ் பெட்டிகள், பெட்டிகளுக்குள் இரண்டு இரண்டு கிலோவாகக் கட்டிய பைகள். ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு. அக்காவும் அவருடைய சொந்தக்காரப் பெண்களும் முந்தின நாளே உட்கார்ந்து கையால் எழுதியவை. அக்காவின் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. மணி எட்டரையாகிறது, அறுநூறு பேரில் ஒருத்தர் கூட வரவில்லையே என்றார்.

நான் ஒரு பையை எடுத்துச் சீட்டைப் படித்தேன். பெரிய தெரு, என் சாச்சாவின், அதாவது சின்ன வாப்பாவின் பெயர். பெயருக்குப் பின்னால் 'குடும்பத்துடன்' என்று எழுதியிருந்தது.

மீன் வாங்க யார் குடும்பத்துடன் என்று பதிவார்கள்? இரண்டாவது பையை எடுத்தேன், குடும்பத்துடன். மூன்றாவது, குடும்பத்துடன். கல்யாணப் பட்டியலில் வாப்பா எழுதியிருந்தது ஓர் எழுத்து மாறாமல் உவரிக்குப் போய், சீட்டாகி, சாளையோடு திரும்பி வந்திருந்தது. என் காலடியில் வண்ணார்பேட்டை பைய நழுவுவது போல இருந்தது. நாங்குநேரிக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. (அங்கே எனக்கு யாரும் இல்லை. அதனால்தான் அந்த ஊர் தோன்றியது.)

ஓடவில்லை. உள்ளதைச் சொன்னேன். சங்கரன் சார் சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் பயந்தால் அப்படித்தான் செய்வார். பிலோமி அக்கா ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"தம்பி, கரையில முழுசா ஒரு வள்ளத்து மீனை ஒரு பொம்பள தனியா ஏலம் எடுத்தது இன்னைக்குத்தான். எல்லாவனும் சிரிச்சான். எனக்கு ஆளு இருக்கு, பேரு எழுதி வச்சிருக்கேன்னு சொல்லி எடுத்துட்டு வந்தேன். சாளை மத்தியானத்துக்கு மேல தாங்காது. இத நான் திருப்பிக் கொண்டுபோயிக் கொட்டுனேன்னா, நாளைக்கு அந்தக் கரையில ஏலத்துக்குக் கையைத் தூக்க முடியாது."

அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அப்போது என் போன் அடித்தது. லாத்தா.

"ஏலே பீரு, பெரிய மாமா கேக்காங்க, நம்ம வீட்டு மீனு வரும்னாங்களே, இன்னும் காணலையேன்னு. நீ என்னத்தச் செஞ்சு வச்சிருக்க?"

நான்தான் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் விசாரணை என்னிடமிருந்துதான் தொடங்கும். எல்லாவற்றையும் சொன்னேன்.

"என் கல்யாணத்து லிஸ்டுக்குச் சாளையாலே? அமுக்குனதுதான் அமுக்குன, ஒரு சீலா மீனை அமுக்கத் தெரியலையா உனக்கு?"

அழுதுவிட்டேன். இருபத்து மூன்று வயது ஆண்பிள்ளை, நடுரோட்டில், லாரிக்குப் பின்னால் ஒதுங்கி நின்று அழுதேன். லாத்தாவின் குரல் மாறியது.

"லிஸ்டுல உள்ளது எல்லாம் நெசமான ஆளுவதானே?"

"கடைசி ஒண்ணத் தவிர."

"பெறகு என்னத்துக்கு அழுத? வண்டிய இங்கன கொண்டா. நான் வீடு வீடா உள்ளதச் சொல்லுதேன். ஓசி இல்ல, ஒருத்தி பொழைப்புன்னு சொல்லுதேன். வாங்குதவங்க வாங்கட்டும்."

எனக்கு அதுவரை தோன்றாத விஷயம் அது. நான் ஆள் ஒன்று, ஆள் இரண்டு என்று போட்டிருந்தால் அந்தச் சாளையைத் தாமிரபரணியில்தான் விட்டிருக்க வேண்டும். என் பொய் ஆட்கள் எல்லோருக்கும் மேலப்பாளையத்தில் கதவு இருந்தது, கதவுக்குப் பின்னால் அடுப்பு இருந்தது.

லாரி கொக்கிரகுளம் வழியாக மேலப்பாளையத்துக்குள் நுழைந்தது. தெரு முனையில் லாத்தா நின்றுகொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பெண் வாசல்படி தாண்டுவது எங்கள் பக்கம் பெரிய குற்றம். உம்மா உள்ளிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். இவள் ஒரு கையில் போனும் இன்னொரு கையில் பட்டியலுமாக நடுத்தெருவில் நின்று எனக்கு வழி காட்டினாள். அவளை அப்படிப் பார்த்ததும் மறுபடி அழுகை வந்தது, ஆனால் பெட்டி இறக்குகிற வேலை இருந்தது.

சங்கரன் சார் எங்களோடு வருவார் என்று நான் நினைக்கவில்லை. மீன் கடையைக் கடக்கும்போது கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறவர். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு லாரி முன்சீட்டில் உட்கார்ந்து சீட்டுகளைப் படித்தார். "பெரிய தெரு, பதினேழு, குடும்பத்துடன், ரெண்டு கிலோ" என்று அவர் உரக்கக் கூப்பிட்டது கல்யாணத்தில் மொய் வாசிப்பது போல இருந்தது. மூன்றாவது தெருவில் கைக்குட்டை வேர்வை துடைக்க இறங்கிவிட்டது. ஐந்தாவது தெருவில் மனிதர் பையைத் தன் கையாலேயே எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

என் ஆராய்ச்சி எவ்வளவு லட்சணம் என்று அன்று தெரிந்தது. இருபது நிமிடத்துக்குள் பையப் பைய வருவார்கள் என்று நான் வைத்திருந்தவர்கள், ஒரு தெருவே ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். தொண்ணூறு நொடிக்கு மேல் யாரும் யோசிக்க மாட்டார்கள் என்று நான் வைத்திருந்த இடத்தில், என் சாச்சி ஒரு பையைத் தேர்ந்தெடுக்கப் பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டாள். எல்லாப் பையிலும் ஒரே சாளைதான் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கவில்லை. பெரிய மாமா வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் காத்திருந்தார். இது கல்யாண ஏற்பாடு இல்லை என்று தெரிந்ததும் அவர் முகம் சுருங்கிவிடுமோ என்று பயந்தேன்.

"என் வாயால சரின்னு சொன்னேம்லா. அப்ப இது என் ஆர்டருதாம்வே" என்று நாலு பை வாங்கினார்.

எல்லோரும் வாங்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். சாளையா என்று முகம் சுளித்துக் கதவைச் சாத்திய வீடுகள் உண்டு. பூட்டிக் கிடந்த வீடுகள், குடும்பத்தோடு துபாய் போய்விட்ட வீடுகள் முப்பது நாற்பது இருந்தன. அந்தப் பைகளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது பெட்டிகள் காலி. அன்று பகல் எங்கள் ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரே குழம்பு மணம்தான்.

ஒரு பை மட்டும் மிஞ்சியிருந்தது. பிலோமி அக்கா சீட்டைப் படித்தார்.

"திருமதி பீர். இது யாரு தம்பி?"

நான் லாரிச் சக்கரத்தை உற்றுப் பார்த்தேன். லாத்தா சிரித்த சிரிப்பில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. எங்களுக்கே இன்றைக்குத்தான் தெரியும் என்றாள். அக்காவும் அன்று முதல்முறையாகச் சிரித்தார். "சரி, ஆளு வரட்டும். அப்பக் குடுத்துக்கிடுவோம்" என்று சீட்டை மடித்து முந்தியில் முடிந்துகொண்டார். மீனை அவர் வீட்டுக் குழம்புக்கு எடுத்துப் போனார்.

திரும்பி வரும் வழியில் சங்கரன் சார் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே வந்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அலுவலகப் படியில் கால் வைக்கும்போது திரும்பினார்.

"ஏண்டா, அதிருக்கட்டும். நேத்திக்கு ஸர்வர் தாங்கித்தா?"

"ஒண்ணு கூட விழலை சார்."

அது போதும் என்று மேலே போய்விட்டார். மறுவாரம் பிலோமி அக்கா கரையில் மறுபடி கையைத் தூக்கினார், யாரும் சிரிக்கவில்லையாம். அன்று சாளை வாங்கிய வீடுகளில் பாதிக்கு மேல் இன்றும் அவரிடம் பதிகிறார்கள், இப்போது உண்மையாகவே. சோதனை அறிக்கையைச் சார் அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். 'ஒப்படைத்தது 599, காத்திருப்பது 1, சோதனை முடியவில்லை.' அதைக் கிழிக்கக் கூடாது என்று உத்தரவு. எங்கள் வீட்டில் விருந்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று நான் சொன்னால், "நெசமான ஆளா, பீரு ஆளா?" என்று கேட்காமல் இன்றுவரை யாரும் அரிசி போடுவதில்லை.

போன வருடம் எனக்குக் கல்யாணம் ஆனது. மூன்றாம் நாள் மத்தியானம் வாசலில் மினி லாரி வந்து நின்றது. பிலோமி அக்கா ஒரு பையோடு இறங்கி, என்னைத் தாண்டிக்கொண்டு நேராக என் மனைவி ரஹ்மத்திடம் போனார்.

"திருமதி பீரு நீதானாம்மா? ஒன் பேர்ல ரெண்டு கிலோ சாளை நாலு வருசமா காத்துக்கிடக்கு. வாங்கிக்கோ."

அந்தப் பழைய சீட்டும் பையில் இருந்தது, மங்கலாக, மடிப்பில் கிழிந்து. ரஹ்மத்தும் எங்கள் தெருப் பெண்தான். யார், எதற்கு என்று கேட்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள், லாரியில் இருந்த அக்காவின் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியை வாங்கி, கல்யாண வீட்டு இனிப்பான வட்டலாப்பம் நிறைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்கினாள். நான் வாயைத் திறப்பதற்குள் லாத்தா பாயை விரித்து, "உக்காரு, நான் சொல்லுதேன்" என்று ஆரம்பித்துவிட்டாள்.

சாயங்காலம் சங்கரன் சாரிடமிருந்து போன். மீன் சங்கதி அவர் காதுக்கு எப்படியோ போயிருந்தது.

"கடைசி ஆளும் வந்துட்டாளாமே. சோதனை முடிஞ்சதுன்னு எழுதிடலாமாடா?"

எழுதிடுங்க சார் என்றேன்.